எலும்பு மிச்சம், கணக்கு எங்கே?

தில்லி கரோல்பாகில் இருக்கும் நண்பர் வீட்டு மாடிப்படிகள் 18. சென்ற முறை போனபோது அவர் இறங்கி வந்து கதவைத் திறக்க நாலு நிமிஷம் பிடித்தது. வயது 43. ரயில்வேயில் எஞ்சினியர். தண்டவாளத்தை ஒட்டி மைல் கணக்கில் நடந்து பார்ப்பதுதான் அவர் வேலை. 2021 கோடையில் கொரோனா வந்து மூச்சுத் திணறியபோது ஸ்டீராய்டு மருந்துதான் அவரைக் காப்பாற்றியது. சில மாதங்கள் கழித்து வலது இடுப்பில் வலி. முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. வலி மாத்திரையிலேயே காலம் ஓடியது. வெகு தாமதமாக எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான், தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு இப்படிப்பட்ட நோயாளிகள் வருவதாக மும்பை டாக்டர்கள் அந்த ஆண்டே எச்சரித்திருந்தார்கள்.

"மூட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் டாக்டர். ஆனால் எலும்பை வெட்டாமல் தொப்பி மட்டும் மாட்டிவிடுகிற ஆபரேஷன் ஒன்று இருக்காமே ஸார்? எலும்பு மிச்சமாகுமாம். அதைச் செய்துகொள்ளலாமா?" என்று கேட்டார்.

எலும்பு மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் யாருக்கு, எந்தப் பக்கத்து எலும்பு, எவ்வளவு காலத்துக்கு என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த உண்மைக்கு அர்த்தம். நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு. நம் நாட்டில் அதை யாரும் கேட்பதில்லை.

இடுப்பு மூட்டு என்பது ஒரு பந்தும் ஒரு கிண்ணமும். தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் உள்ள குழியில் சுழல்கிறது. முழு மூட்டு மாற்று ஆபரேஷனில் அந்தத் தலையைக் கழுத்தோடு வெட்டி எடுத்துவிடுவார்கள். பிறகு தொடை எலும்பின் உள்குழலைக் குடைந்து ஒரு நீண்ட உலோகத் தண்டை இறக்கி, அதன் நுனியில் செயற்கைப் பந்தைப் பொருத்துவார்கள். குழியில் ஒரு புதிய கிண்ணம் உட்காரும்.

ரீசர்ஃபேசிங் என்ற மேற்பரப்பு மாற்று ஆபரேஷனில் தலையை வெட்டுவதில்லை. தேய்ந்துபோன மேல்பாகத்தை மட்டும் சீவி, அதன்மேல் உலோகத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்து ஒட்டுகிறார்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்காமல் அதைச் செதுக்கி உறை மாட்டுவது போல. கழுத்தும் தொடை எலும்பின் உள்குழலும் தொடப்படாமல் தப்புகின்றன. பந்தின் அளவு இயற்கைத் தலைக்குச் சமமாக இருப்பதால், மூட்டு நழுவிப்போகும் ஆபத்து குறைவு. பழைய முழு மாற்று மூட்டுகளில் பந்தின் குறுக்களவு 22 மில்லிமீட்டர்தான். ரீசர்ஃபேசிங் தொப்பி 50 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். தரையில் சம்மணமிட்டு உட்காரும் நாட்டில் இது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் எலும்பை மிச்சம் பிடிப்பதில் அவ்வளவு அக்கறை எதற்கு? வயதுதான் காரணம். 70 வயதைத் தாண்டியவருக்குப் போட்ட மூட்டு பெரும்பாலும் அவர் ஆயுசுக்கு வந்துவிடும். மறுபடி ஆபரேஷன் தேவைப்படுவது அவர்களில் 100-க்கு 5 பேருக்குத்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மூட்டு மாற்றிக்கொள்ளும் ஆண்களிலோ 35 சதவீதம் பேர் வரை வாழ்நாளில் இன்னொரு முறை ஆபரேஷன் மேஜையில் படுக்க நேரலாம். பிரிட்டனில் பல்லாயிரம் நோயாளிகளைப் பின்தொடர்ந்து கணித்து 2017-ல் வெளியான கணக்கு இது. 43 வயதுக்காரரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது ஆபரேஷனில் பழைய தண்டைப் பிடுங்கும்போது எலும்பும் சேர்ந்து வரும். மூன்றாவது முறைக்கு எலும்பே போதாமல் போகலாம். ரீசர்ஃபேசிங் செய்தவருக்கு ஒருநாள் தொப்பி தளர்ந்தாலும், தலையை வெட்டிவிட்டு முதல் முறைபோலவே தண்டு வைத்துக்கொள்ள முடியும். தொடை எலும்பைப் பொறுத்தவரை அவர் ஓர் ஆபரேஷனைச் சேமிப்பில் வைத்திருக்கிறார்.

இந்த யோசனை புதிதல்ல. முழு மூட்டு மாற்றைவிடப் பழையது. 1923-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் என்ற டாக்டர், தேய்ந்த எலும்புத் தலையின்மேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். கண்ணாடி உடைந்தது. 1938-ல் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகத்துக்கு மாறினார். 1950-களில் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, டெஃப்லானால் ஆன இரண்டு கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தார். டெஃப்லான் மளமளவென்று தேய்ந்தது. டெஃப்லான் பொடி உடம்பை என்ன செய்யும் என்று அறிய, சார்ன்லி அதைத் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டார் என்பது மருத்துவ வரலாற்றில் பதிவான செய்தி. கடைசியில் ரீசர்ஃபேசிங்கைக் கைவிட்டு, சிறிய உலோகப் பந்தும் பாலிஎதிலீன் கிண்ணமும் கொண்ட முழு மூட்டை 1962-ல் பொருத்தினார். இன்று உலகம் முழுவதும் செய்யப்படும் முழு மாற்று ஆபரேஷனின் மூலம் அதுதான்.

1970-களில் உலோகத் தொப்பியும் பாலிஎதிலீன் கிண்ணமுமாக ரீசர்ஃபேசிங் மறுபிறவி எடுத்தது. பெரிய பந்து மெல்லிய பிளாஸ்டிக்கை அரைத்துத் தள்ள, அந்தப் பொடி எலும்பைக் கரைத்தது. அதுவும் போயிற்று. பர்மிங்ஹாமைச் சேர்ந்த டெரெக் மெக்மின் வேறொன்றைக் கவனித்தார். அந்தக் காலத்தில் போட்ட, உலோகத்தின்மேல் உலோகம் உரசும் சில மூட்டுகள் 20 ஆண்டுகள் கழித்தும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தன. பிளாஸ்டிக்கைத் தவிர்த்தால் என்ன? 1991-ல் முதல் முயற்சி. ரோனன் ட்ரீசியுடன் சேர்ந்து உருவாக்கிய 'பர்மிங்ஹாம் ஹிப்' 1997-ல் புழக்கத்துக்கு வந்தது.

அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது 2006 மே மாதத்தில்தான். அதற்கு முன் பல அமெரிக்கர்கள் பெல்ஜியத்துக்கும் சென்னைக்கும் விமானம் ஏறினார்கள். சென்னையில் டாக்டர் விஜய் போஸிடம் ரீசர்ஃபேசிங் செய்துகொள்ள வெளிநாட்டவர் வந்தது அந்நாளில் பரபரப்பான செய்தி. பிறகு விளையாட்டு வீரர்கள். டென்னிஸ் இரட்டையர் ஆட்டக்காரர் பாப் பிரயன் 2018-ல் செய்துகொண்டு சில மாதங்களில் களத்துக்குத் திரும்பினார். 2019 ஜனவரியில் ஆண்டி மர்ரி, வயது 31, லண்டனில் அதே ஆபரேஷனைச் செய்துகொண்டார். அந்த அக்டோபரிலேயே ஆன்ட்வெர்ப் போட்டியில் ஒற்றையர் பட்டம். உலோக இடுப்போடு 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை ஆடிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். என் நண்பரின் காதுக்கு எட்டியது இந்தப் பக்கத்துக் கதை.

மறுபக்கம் 2010-ல் வெடித்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிப்யூ நிறுவனம், ஏ.எஸ்.ஆர். என்ற பெயரில் 2003 முதல் போட்டி மூட்டு ஒன்றை விற்றுவந்தது. ரீசர்ஃபேசிங் தொப்பியாக ஒரு வகை. அதே பெரிய உலோகப் பந்தைத் தண்டின்மேல் மாட்டும் முழு மூட்டாக இன்னொரு வகை. கிண்ணத்தின் ஆழம் அரைக்கோளத்துக்குக் குறைவு. பெரிய உலோகப் பந்து ஒழுங்காகப் பொருந்தினால் உரசும் பரப்புகளுக்கு இடையே உடல் திரவம் மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைக் குறைக்கும். கிண்ணம் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தாலோ, ஆழம் போதாவிட்டாலோ, பாரம் முழுவதும் விளிம்பில் இறங்கும். திரவப் படலம் அறுந்து உலோகம் உலோகத்தை நேரடியாக அரைக்கும். கண்ணுக்குத் தெரியாத கோபால்ட், குரோமியத் துகள்கள் சுற்றியுள்ள தசையில் படியும், ரத்தத்தில் கலக்கும். சிலருக்கு மூட்டைச் சுற்றிக் கட்டி போன்ற வீக்கம் உண்டாகித் தசையையும் எலும்பையும் அரித்தது. எலும்பை மிச்சம் பிடிக்க வந்த கருவி எலும்பைத் தின்ற கதை இது.

ஐந்தே ஆண்டுகளில் ஏ.எஸ்.ஆர். ரீசர்ஃபேசிங்கில் 12 சதவீதமும் முழு மூட்டு வகையில் 13 சதவீதமும் மறு ஆபரேஷனுக்கு வந்தன. 2010 ஆகஸ்டில் நிறுவனம் உலகெங்கும் அவற்றைத் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேர் உடம்பில் அவை இருந்தன.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது எது என்பதுதான் நான் முதலில் சொன்ன நான்காவது கேள்விக்கு அடிப்படை. நோட்டுப் புத்தகங்கள். ஸ்வீடன் 1979 முதல், ஆஸ்திரேலியா 1999 முதல், இங்கிலாந்து 2003 முதல், யாருக்கு எந்தக் கம்பெனியின் எந்த மாடல் மூட்டு போடப்பட்டது, அது எப்போது மாற்றப்பட்டது என்று தேசியப் பதிவேடு எழுதிவருகின்றன. ஒரு டாக்டர் கண்ணில் இரண்டு தோல்விகள் பட்டால் அது துரதிர்ஷ்டம் என்று தோன்றும். நாடு முழுவதும் உள்ள தோல்விகள் ஒரே பக்கத்தில் வரிசையாக நின்றால், குற்றம் மூட்டினுடையது என்று தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் 2009 டிசம்பரிலேயே ஏ.எஸ்.ஆர். கடையை விட்டு எடுக்கப்பட்டதற்கு இந்தப் பதிவேடு ஒரு முக்கியக் காரணம்.

இந்தியாவில்? சுமார் 4,700 பேருக்கு ஏ.எஸ்.ஆர். மூட்டு போடப்பட்டது. மகாராஷ்டிர உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011-ல் புகார் பதிவுசெய்தது. மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது 2017-ல்; உலகம் மூட்டைத் திரும்பப் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு. அந்தச் சமயத்தில் அடையாளம் தெரிந்த நோயாளிகள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். மற்றவர்கள் எங்கே? பலருக்குத் தங்கள் இடுப்பில் இருப்பது எந்தக் கம்பெனியின் மூட்டு என்றே தெரியாது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் 'ஹிப் ரீப்ளேஸ்மென்ட்' என்று இரண்டு வார்த்தை. சிலர் வீடு மாறியிருப்பார்கள். சில மருத்துவமனைகளில் பழைய கேஸ் கட்டுகள் கிடைக்காது. 2018-ல் அரசு ரூ.30 லட்சம் முதல் ரூ.1.23 கோடி வரை நஷ்டஈட்டு சூத்திரம் ஒன்றை அறிவித்தது. நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆனால் தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர் எந்த சூத்திரத்தில் சேருவார்?

ஏ.எஸ்.ஆர். செய்த பாவத்தை ரீசர்ஃபேசிங் முழுவதன்மீதும் ஏற்றுவது நியாயமில்லை. நன்றாக வடிவமைத்த தொப்பி, தேர்ந்த கை, பொருத்தமான நோயாளி மூன்றும் சேர்ந்த இடத்தில் அது இன்றும் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் 'பொருத்தமான நோயாளி' என்ற வட்டம், 2000-களில் நினைத்ததைவிட மிகச் சிறியது என்று பதிவேடுகள் காட்டிவிட்டன. பெண்களுக்கும், சிறிய எலும்புத் தலை உள்ளவர்களுக்கும் தோல்வி அதிகம். பந்து சிறுத்தால் திரவப் படலமும் மெலிகிறது. விளிம்பில் பாரம் ஏறுவதும் எளிதாகிறது. 2015-ல் பர்மிங்ஹாம் மூட்டின் உற்பத்தியாளரே பெண்களுக்கு அதைப் பொருத்தக் கூடாது என்று அறிவித்து, 46 மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்த அளவுகளும் கொண்ட தொப்பிகளை விலக்கிக்கொண்டார். இந்தியர்களின் எலும்புத் தலை ஐரோப்பியர்களுடையதைவிடச் சராசரியில் சிறியது. எனவே இந்திய ஆண்களிலும் பலர் இந்த வரம்பிலேயே வெளியே நின்றுவிடுவார்கள்.

இன்னும் சில வடிகட்டல்கள் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கூடாது. உலோகம் வெளியேறும் வழி அதுதான். உலோக ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் கூடாது. எலும்பு பொரபொரத்துப் போனவர்களுக்குத் தொப்பிக்குக் கீழே கழுத்து முறியலாம். ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் இந்த ஆபத்து அதிகம். ரத்த ஓட்டம் நின்று செத்த பகுதி பெரிதாக இருந்தால், தொப்பியைத் தாங்க உயிருள்ள எலும்பு இருக்காது. ஸ்டீராய்டு, மது, விபத்து காரணமாக இளம் வயதில் தலை செத்துப்போவது இந்தியாவில் மூட்டு மாற்றுக்கு முக்கியக் காரணம். ரீசர்ஃபேசிங்கில் எலும்பை மிச்சம் பிடிக்க வேண்டிய வயதுக்காரர்களில் பலருக்கு, மிச்சம் பிடிக்க எலும்பே இல்லை.

மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். மிச்சமாவது தொடை எலும்பு மட்டுமே. இடுப்புக் குழியைக் குடைந்து கிண்ணம் வைப்பது இரண்டு ஆபரேஷனிலும் உண்டு. பெரிய தொப்பிக்குப் பெரிய கிண்ணம் வேண்டும் என்பதால், அந்தப் பக்கத்தில் பெரிய லாபம் எதிர்பார்க்க முடியாது. விளம்பரத் தாளில் 'எலும்பைக் காக்கும் சிகிச்சை' என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இதைச் சின்ன எழுத்தில்கூடப் போடுவதில்லை.

இதற்கிடையில் எதிராளியும் சும்மா இருக்கவில்லை. 1990-களின் கடைசியில் வந்த, கதிர்வீச்சால் இறுக்கப்பட்ட பாலிஎதிலீன் பழையதைவிட மிகக் குறைவாகத் தேய்கிறது. முழு மாற்று மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குகின்றன என்று 2019-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதில் பெரும்பாலானவை பழைய பிளாஸ்டிக் மூட்டுகள். பிரிட்டனின் அரசு மதிப்பீட்டு அமைப்பு 2014-ல் தன் வரம்பை இறுக்கியது. முன்பு பத்தாண்டில் 10 சதவீதம் வரை மறு ஆபரேஷன் இருந்தால் மூட்டு 'பாஸ்'. இப்போது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முழு மூட்டுகளில் பல இந்தப் பரீட்சையில் தேறிவிடுகின்றன. ரீசர்ஃபேசிங் ஆதரவாளர்கள் உலோகத்தையே கைவிட்டு, செராமிக் தொப்பியை 2017 முதல் மனிதர்களில் பொருத்திப் பார்த்துவருகிறார்கள். செராமிக்கில் கோபால்ட் பயம் கிடையாது. பெண்களுக்கும் வாசல் திறக்கலாம். ஆனால் ஒரு மூட்டின் குணம் தெரியப் பத்தாண்டு வேண்டும். கண்ணாடியில் தொடங்கிய நூறாண்டுக் கதை அந்தப் பொறுமையைத்தான் கற்றுத்தருகிறது.

உலோக ரீசர்ஃபேசிங் ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் பீதியடைய வேண்டாம். வலி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். எந்த இடைவெளியில் என்பதை அவர் சொல்வார். ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைப் பார்க்கச் சொல்லலாம். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் கூடுதல் கவனம் தேவை என்பது பிரிட்டனின் மருத்துவக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-ல் வகுத்த எல்லை. தேவைப்பட்டால் உலோகத்தின் நிழல் விழாமல் எடுக்கும் விசேஷ எம்.ஆர்.ஐ. உண்டு. வலி, வீக்கம், நடையில் தளர்ச்சி தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. தசை அரிக்கப்படுவதற்கு முன் மாற்றினால் மறு ஆபரேஷன் நன்றாக அமையும். அரித்த பிறகு மாற்றினால் நொண்டல் தங்கிவிடும்.

புதிதாகச் செய்துகொள்ள நினைப்பவர் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: இதுவரை எத்தனை ரீசர்ஃபேசிங் செய்திருக்கிறீர்கள்? என் எலும்புத் தலையின் அளவு என்ன? செத்த பகுதி எவ்வளவு? இந்த மாடலுக்குப் பத்தாண்டுப் பதிவேட்டுக் கணக்கு எந்த நாட்டிலாவது இருக்கிறதா? பிறகு அந்த நான்காவது கேள்வி: என் உடம்பில் போவது எது என்று எங்கே எழுதி வைப்பீர்கள்? ஒவ்வொரு மூட்டின் பெட்டியிலும் கம்பெனிப் பெயர், மாடல், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று ஆபரேஷன் குறிப்பில் ஒட்டப்படும். இன்னொன்று உங்களுடையது.

அரசுக்கும் வேலை இருக்கிறது. மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளைத் திரட்டும் திட்டம் 2015-ல் தொடங்கி, காசியாபாத்திலிருந்து நடக்கிறது. மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரியில் அமலுக்கு வந்தன. மூட்டு அறுவை நிபுணர்களின் சங்கம் தன்னார்வப் பதிவேடு ஒன்றை நடத்துகிறது. ஆனால் விருப்பப்பட்டவர் எழுதும் நோட்டுப் புத்தகத்தில், விருப்பமில்லாதவரின் தோல்வி வராது. சட்டம் கட்டாயப்படுத்தினால் ஒழிய அடுத்த ஏ.எஸ்.ஆர். வரும்போதும் நாம் ஆஸ்திரேலியாவின் நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். தெரிந்தபின்பும் நோயாளியைத் தேடிக்கொண்டிருப்போம்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். இரண்டாவது டாக்டரிடம் போய் வந்தார். எலும்புத் தலையில் பாதிக்கு மேல் செத்துவிட்டதால் தொப்பி தாங்காது. முழு மாற்றுதான் என்று முடிவாயிற்று. முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. சற்று நேரம் கழித்து எஞ்சினியர் பேசினார்.

"ஸார், தண்டவாளத்தைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் எந்த ஆலை, எந்த வருஷம் என்று பொறித்திருக்கும். எந்த உருக்கு வார்ப்பு என்பதற்கும் எண் உண்டு. ஒன்றில் விரிசல் விழுந்தால் அதே வார்ப்பில் வந்த மற்றதெல்லாம் எங்கே கிடக்கிறது என்று தேடுவோம். மனுஷன் இடுப்புக்கு அது கிடையாதா?"

போன மாதம் ஆபரேஷன் ஆயிற்று. பார்க்கப் போனேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டினார். பிறகு பீரோவைத் திறந்து, வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருந்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் இரண்டு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. கிண்ணத்துக்கு ஒன்று, தண்டுக்கு ஒன்று. கேட்டு வாங்க மூன்று நாள் ஆயிற்றாம்.